மயில்துத்தம்

ஆறு கிளாஸ். ஆறுலயும் ஒரே அளவு ஒயின், ரெண்டு விரக்கடை உயரம். வெள்ளைத் துணி, வெள்ளைத் தாள், சீவி வச்ச பென்சில், ஒரு ரப்பர், வாயில ஊத்துனதைத் துப்புறதுக்கு ஒரு எவர்சில்வர் வாளி. பெரைரா சார் வாட்சைப் பாத்துட்டு, "மணி பதினொண்ணு. அரை மணி நேரம். எந்தத் திராட்சை, எந்த ஊருன்னு எழுதணும். பேச்சே கூடாது. ஆரம்பிக்கலாம்"னு சொல்லிட்டாரு. அவரு கோவாக்காரரு, பரீட்சை வைக்கிறதுக்குன்னே சென்னைக்கு வந்திருக்காரு. ஹால்ல பதினோரு மூக்கு ஒரே நேரத்துல கிளாஸுக்குள்ள இறங்குது. பன்னெண்டாவதா என் மூக்கும் இறங்குது. உள்ள ஒண்ணுமில்ல. சுத்தமா ஒண்ணுமில்ல. சரி, தெரிஞ்சதுதானே, நாலு மாசமா இதே கதைதானே, இன்னைக்கு மட்டும் என்னத்துக்குப் பதறுற? மூஞ்சிய மாத்தாத. கண்ண மூடு. புருவத்தச் சுருக்கு. பெருசா எதையோ கண்டுபிடிச்சவ மாதிரி தலைய லேசா ஆட்டு. போதும் போதும், ரொம்ப ஆட்டாத, சாமி வந்துருச்சுன்னு நெனச்சுக்கப் போறாங்க. வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கு, செண்டு போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, வாசனை சோப்பு கூடாது. ஒழுங்கா எல்லாத்தையும் கடைப்பிடிச்சிட்டு வந்திருக்கேன். வச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, அது வேற விஷயம். காய்ச்சல்ல விழுந்தேன், அஞ்சாம் நாள் எந்திரிச்சேன், காபி வெறும் வெந்நியா இருந்துச்சு. சாம்பார் உப்பும் புளிப்புமா இருந்துச்சு, அம்புட்டுதான். டாக்டரம்மா "வரும்மா, சிலருக்கு லேட்டாகும்"னாங்க. எப்ப வரும்னு கேட்டேன். "வரும்"னாங்க மறுபடி. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவளுக்குச் சொல்ற பதில்.

டாக்டரம்மாவ விட்டா இது டெரன்ஸுக்கு மட்டும்தான் தெரியும். பார்ல என்கூட நிக்கிறவன், இப்ப ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருக்கான். நாலு மாசமா அவன்தான் எனக்கு மூக்கு. பாட்டிலத் திறந்தா முதல்ல அவன் மோந்து பாப்பான், ஒயின் கெட்டுப் போயிருந்தா கார்க்கைக் குப்புற வைப்பான், நான் கஸ்டமர் முன்னாடி ஒரு தரம் மோந்து நடிச்சிட்டு, "மன்னிக்கணும் சார், வேற பாட்டில் கொண்டு வர்றேன்"னு சொல்லுவேன். "எத்தனை நாளைக்கு பவுன்? மேனேஜர்ட்ட சொல்லிடேன்"னான் முந்தாநாள். என்னத்தச் சொல்ல? மூக்கில்லாத ஒயின்காரிய வச்சுக்கிட்டு ஓட்டல்காரன் கோலமா போடுவான்? ஆறுக்கு அஞ்சு சரியாச் சொன்னா ஒயின் பகுதிக்கு நான்தான் தலைமை. சொல்லலேன்னா கல்யாண ஹால்ல தட்டு தூக்கப் போகணும், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச அதே எடத்துக்கு. அதுகூடப் பரவாயில்ல. தட்டு தூக்குறது கேவலம் இல்ல. ஆனா பவுன்தாய்க்கு மூக்கு போயிருச்சுன்னு நாலு பேரு சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட என்னதான் இருக்கு? என்னோடதுன்னு சொல்லிக்க எனக்கு இருந்தது அந்த ஒண்ணுதான். நெசமாவே அந்த ஒண்ணுதான். வேணாம், அதுக்குள்ள போகாத, மொத கிளாஸப் பாரு. வெள்ளை. வெளிறுன பச்சை ஓரத்துல தெரியுது. நாக்குல ஒரு சொட்டு விட்டா எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி தாடைய இழுக்குது. கண்ணும் நாக்கும் போதும்டி உனக்கு, மிச்சத்துக்குப் படிச்சது இருக்கு. சோவிஞ்ஞோன் பிளாங், நியூசிலாந்து. எழுது. வாசனைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல புத்தகத்துல உள்ளத எழுது, வெட்டுன புல்லு, நெல்லிக்காய். ரெண்டாவது? இதுவும் வெள்ளை, இனிக்குது, கூடவே புளிக்குது, கனமில்ல. ரீஸ்லிங், ஜெர்மனி, மோசெல் ஆத்தங்கரை. அங்க சரிவு செங்குத்தா இருக்குமாம், திராட்சை வெட்டப் போறவங்க இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்குவாங்களாம். அதப் படிச்சப்ப நெனச்சேன், எங்க ஊர்ல நிமிந்தாத் தலை இடிக்கிற பந்தலுக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டே வெட்டுறோம், எல்லா ஊர்லயும் திராட்சை ஒடம்ப ஒரு வழி பண்ணிட்டுத்தான் விடும்னு.

மூணாவது சிவப்பு. நல்ல அடர்த்தி. வழுவழுன்னு இறங்குது. மெர்லோவா, கார்மனேரா? இதத்தான் பயந்தேன். மூக்கு இருந்தா ஒரு நொடி வேலை, கார்மனேர்ல குடைமிளகா வாசம் அடிக்கும், மெர்லோவுல அடிக்காது. மூக்கு இல்லாட்டி ரெண்டும் அக்கா தங்கச்சி. கார்மனேர் கதைய எங்க வகுப்புல சொன்னப்ப நான் வெளிய எந்திரிச்சுப் போயிட்டேன். பிரான்ஸ்ல பழைய கொடி அது. வேரைத் தின்கிற பூச்சி ஒண்ணு வந்து அந்த நாட்டுத் தோட்டத்தையெல்லாம் தின்னு தீத்துச்சு, கார்மனேர் பூண்டோட அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் எழுதி வச்சுட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு ஒரு ஆளு சிலி நாட்டுத் தோட்டத்துல நடந்து போறாரு, மெர்லோன்னு பேரு எழுதி வச்சிருந்த கொடி இலையப் புரட்டிப் பாக்குறாரு, இது மெர்லோ இல்லையேங்கிறாரு. செத்துப் போனதுன்னு சொன்னது அத்தனை வருஷமா வேற ஒருத்தி பேர்ல காய்ச்சுக்கிட்டு இருந்திருக்கு. வகுப்புல எல்லாரும் "ஆகா"ன்னாங்க. நான் நோட்ட மூடிட்டு எந்திரிச்சேன். ஏன்னா நானும் வேற ஒருத்தி பேர்லதான் இருக்கேன். பவுன்தாய் நான் இல்ல. பவுன்தாய் எங்க அக்கா. ரெண்டரை வயசுல செத்துப் போயிட்டா, அவ செத்து ஆறு மாசத்துக்கப்புறம் நான் பொறந்தேன். அவ பொறந்தது பதிவாகியிருந்துச்சு, செத்தது பதிவாகல. "சர்ட்டிபிகேட்டு சும்மாதானே கெடக்கு"ன்னு சொல்லி எங்க அப்பா மூணு வயசுல என்னைக் கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, ஆறு வயசுன்னு ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டாரு. கம்பத்துப் பக்கம் எங்க ஒருத்தரு வீட்டுல மட்டும் நடந்த கூத்து இல்ல இது, ஊருக்கு ரெண்டு பேரு இப்படி இருப்போம். வாத்தியாரு "பவுன்தாய்"ன்னு பேரு கூப்பிடுவாரு. நான் ஒடனே சொல்ல மாட்டேன். வேற யாராச்சும் சொல்றாங்களான்னு கொஞ்ச நேரம் பாப்பேன். அப்புறந்தான் "உள்ளேன் ஐயா". ஏன் அப்படிப் பாத்தேன்னு அப்ப எனக்கே தெரியாது. பதினாறு வயசுல எங்க அத்தை சண்டை போட வந்த எடத்துல, "செத்த புள்ள பேர்ல படிக்கிறவதானடி நீ"ன்னு கத்துச்சு, அன்னைக்குத்தான் தெரியும். அம்மா இன்னைக்கு வரைக்கும் என்னை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. "சின்னது"ம்பாங்க. முப்பத்துமூணு வயசாச்சு, இப்பவும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணா "சின்னது, சாப்பிட்டியா?" பேரு அவளோடது, பொறந்த தேதி அவளோடது, பாஸ்போர்ட்டு அவளோடது. மூக்கு மட்டும் என்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சரி, மெர்லோன்னே போடு. மெர்லோ, சிலி. நிறைய பேரு அதத்தான் போடுவாங்க.

"பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு"ங்கிறாரு பெரைரா சார். ஐயோ, பாதி போச்சா. நாலாவத எடு. லேசான சிவப்பு, ஊதா ஓரம், வெளிச்சத்துல வச்சா எழுத்துப் படிக்கலாம் போல இருக்கு. ரொம்ப சுலபம், கமே திராட்சை, பிரான்ஸ்ல போஜொலே. எடுத்த கையோட நடிப்புக்காக மூக்க உள்ள விட்டேன். வாசனை அடிக்குது. அடிக்குது! அய்யோ அடிக்குதே! ரெண்டு சொட்டு துணியில விழுந்துருச்சு. டெரன்ஸ் நிமிந்து பாக்குறான். நான் குனிஞ்சுக்கிட்டேன். நாலு மாசங் கழிச்சு வருது, வந்துருச்சு, டாக்டரம்மா சொன்ன மாதிரியே வந்துருச்சு, அழுதுராத, இங்க அழுதா மானம் போயிரும். மறுபடி மோந்து பாத்தேன். பன்னீர் திராட்சை. எங்க ஊர் கறுப்புத் திராட்சை, வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்குன்னு சொல்றது. அதுக்கு அடியில சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அடியில துத்தம். மயில்துத்தம். நாக்கோட அடியில செப்புக்காசு வச்ச மாதிரி ஒரு கசப்பு. அப்பத்தான் எனக்குச் சந்தோசம் நின்னு போச்சு. ஒயினுக்குள்ள எப்படி மருந்து வாசம் வரும்? கொடிக்கு அடிக்கிற மருந்து அது, துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணியில கரைச்சு அடிப்பாங்க, பந்தல் பூராவும் நீலமா நிக்கும். போர்டோ கலவைன்னு பேரு. கேட்டரிங் காலேஜ்ல சேந்த மொத வாரம், போர்டோன்னா பிரான்ஸ்ல ஒரு ஊரு, உலகத்துலயே பெரிய ஒயின் ஊருன்னு வாத்தியார் சொன்னப்ப நான் கெக்கேபிக்கேன்னு சிரிச்சிட்டேன், எங்களுக்கு அது மருந்து டப்பா. அந்த ஊர்ல ரோட்டோரத் தோட்டக்காரங்க திருடனப் பயங்காட்டத்தான் மொதல்ல அந்த நீலத்த இலையில தெளிச்சாங்களாம். தெளிச்ச கொடிக்கு மட்டும் நோய் வரலையாம், அப்படித்தான் மருந்தாச்சாம். எங்க தோட்டத்துல அத கரைக்கிறதுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்துச்சாம். இருந்துச்சாம்னுதான் சொல்ல முடியும், நான் பாத்ததில்ல. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே அப்பா கடப்பாரையால ஒடைச்சு மண்ணப் போட்டு மூடிட்டாரு. அக்கா அதுலதான் விழுந்தா.

இந்த வாசனை எனக்குப் புதுசு இல்ல. சொல்லிர்றேன், மனசுக்குள்ளயாச்சும் சொல்லிர்றேன். காய்ச்சல் விட்டதுக்கப்புறம் ரெண்டு தரம் வந்திருக்கு. ஒரு தரம் இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, பேருங்கிற எடத்துல பவுன்தாய்ன்னு எழுதி முடிச்ச ஒடனே வந்துச்சு. இன்னொரு தரம் லிப்டுல, கண்ணாடியப் பாத்து பேர் பட்டைய நேரா குத்துறப்ப. ரெண்டு தரமும் ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போயிருச்சு. டாக்டரம்மா கேட்டதுக்கு, இல்லாத வாசனை வர்றது சிலருக்கு உண்டு, மூளை பண்ற வேலைன்னாங்க. ஒடனே நம்பிட்டேன். இப்பவும் அதுதானா? இல்ல நெசமாவே கிளாஸ்லருந்து வருதா? இத எப்படிக் கண்டுபிடிக்க? சுலபம்டி, மத்ததையும் மோந்து பாரு. ஒண்ணாம் கிளாஸ், ஒண்ணுமில்ல. ரெண்டு, ஒண்ணுமில்ல. மூணு, குடைமிளகாயும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நாலு, துத்தம். அப்ப கிளாஸ்லருந்துதான் வருது. இரு இரு, அவசரப்படாத. தண்ணி டம்ளர மோந்து பாத்தேன். துத்தம். பென்சில மோந்து பாத்தேன். துத்தம். என் உள்ளங்கைய மூக்குல வச்சேன், அங்கதான் எல்லாத்தையும் விட அதிகமா அடிக்குது, இப்பத்தான் தொட்டியில முக்கி எடுத்த கை மாதிரி. பக்கத்து மேசைப் பொண்ணு என்னைப் பாக்குது. கையை மோந்து பாக்குற பைத்தியம்னு நெனச்சிருக்கும். நெனச்சுக்கட்டும். ஏசி குளுருல எனக்கு முதுகு வேர்க்குது. எனக்குப் பயமா இருக்கு.

கமேன்னு எழுதிட்டேன். கமே, போஜொலே, பிரான்ஸ். கண்ணு சொல்லுது, நாக்கு சொல்லுது, படிச்ச படிப்பு சொல்லுது. இருந்தாலும் நாக்குல லேசா ஒரு இனிப்பு தங்குதே, போஜொலேவுல அது ஏது? இருக்கும், சில வருஷம் வெயில் கூடுனா இருக்கும். அஞ்சாவதுக்குப் போ. வெளிறுன சிவப்பு, ஆனா பல்லு, ஈறு எல்லாத்தையும் பிடிச்சு இழுக்குது, பாக்கு மென்ன மாதிரி. நெபியோலோ, இத்தாலி, பரோலோ. பேருலயே மூடுபனி இருக்குன்னு சொல்லுவாங்க, அறுக்குற காலத்துல மலையில பனி எறங்குமாம். ஆறாவது கருப்பா மையி மாதிரி. மால்பெக், அர்ஜெண்டினா, மெண்டோசா. அதுவும் பிரான்ஸ்ல பொறந்து வேற நாட்டுல பேரெடுத்ததுதான். முடிஞ்சுது. இன்னும் எத்தனை நிமிஷம்? ஏழு. வாசனை போகல. முன்ன ஒரு நிமிஷத்துல போயிரும், இப்ப போகல. நாலாவது கட்டத்தப் பாத்தேன், கமேங்கிற எழுத்தப் பாக்கப் பாக்க வாசனை கூடுது. கண்ண அந்தப் பக்கம் திருப்புனா கொறையுது. வெளையாடுறியா? ரப்பர எடுத்து அழிச்சேன். சட்டுனு லேசாச்சு. மறுபடி கமேன்னு எழுதுனேன். மூச்சு முட்டுது, தொண்டை வரைக்கும் நீலமா இருக்குற மாதிரி மூச்சு முட்டுது. அழிச்சேன். ஏன்டி அக்கா, என்னதான் வேணும் உனக்கு? என்ன எழுதச் சொல்ற, கம்பத்துப் பன்னீர் திராட்சைன்னா? இந்தப் பரீட்சையிலயா? பெரைரா சார் பிரான்ஸ், இத்தாலின்னு வச்சிருக்குற மேசையில எங்க ஊரு பழத்தையா வைப்பாரு? எழுதுனா நாலு போச்சு, மூணு ஏற்கனவே சந்தேகம், ரெண்டு தப்பாயிருச்சுன்னா நான் தட்டுத் தூக்கப் போகணும். உனக்கென்ன, நீ செத்துட்ட. நானில்ல உன் பேரப் பட்டையாச் சட்டையில குத்திக்கிட்டு காலுல ரத்தங் கட்டுற வரைக்கும் நின்னேன். நானில்ல உன் பேர்ல படிச்சேன், உன் பேர்ல கையெழுத்துப் போட்டேன், உன் பேர்ல காய்ச்சல்ல படுத்தேன். "இன்னும் ரெண்டு நிமிஷம்"ங்கிறாரு பெரைரா சார். எனக்குக் கோவம் வந்துச்சு. அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. பென்சில ரெண்டு விரலுக்கு நடுவுல தொங்க விட்டுட்டு மனசுக்குள்ள சொன்னேன், சரிடி, பேரு ஒன்னோடதுதானே, நீயே எழுதிக்கோ. கோவத்துல சொன்னதுதான். எல்லாரும் கோவத்துல சொல்றதுதான். பென்சில் நவுந்துச்சு. நான்தான் நகத்துனேன், என் கைதான், அத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசு பெருசா கோணலா இருந்துச்சு.

மணி அடிச்சாங்க. தாள வாங்கிட்டுப் போனாங்க. பத்து நிமிஷத்துல பெரைரா சார் பாட்டில் மேல சுத்தியிருந்த காகிதத்த ஒண்ணொண்ணா உரிச்சாரு. ஒண்ணு சரி. ரெண்டு சரி. மூணு கார்மனேர்னாரு, போச்சா, தெரியும் எனக்கு. நாலாவது பாட்டில எடுத்தப்ப அவரு சிரிச்சாரு. "இதுல எல்லாரையும் மாட்டி விடணும்னுதான் வச்சேன். பன்னெண்டு பேருல பத்து பேரு போஜொலேன்னு எழுதியிருக்கீங்க, ஒருத்தர் ஒண்ணும் எழுதல. இது நம்ம தமிழ்நாட்டு ஒயின், கம்பம் பள்ளத்தாக்குல வெளைஞ்ச திராட்சை. ஒரே ஒருத்தர் மட்டும் ஊரோட சொல்லியிருக்காங்க. பவுன்தாய் யாரு?" பழக்கத்துல நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன், வேற யாராச்சும் சொல்றாங்களான்னு. ஆனா என் கை ஏற்கனவே மேல இருந்துச்சு. "ஆறுக்கு அஞ்சு. இந்த வருஷத்துலயே நான் பாத்த நல்ல மூக்கு"ன்னாரு. கை தட்டுனாங்க. டெரன்ஸ் மட்டும் தட்டல, வாயத் தொறந்துக்கிட்டு என்னையே பாக்குறான். எனக்கு மூக்கில்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு. "மத்தவங்களுக்காக ஒரு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அந்த கிளாஸ்ல என்ன கெடைச்சுது உங்களுக்கு?"ன்னாரு பெரைரா சார். நான் எந்திரிச்சேன். பழுத்த பன்னீர் திராட்சை, ரோஜா, லேசா மிளகு, இதச் சொல்லிட்டு உக்காரணும்னு நெனச்சேன். "மொதல்ல பழம் வாசம் சார்"னு ஆரம்பிச்சேன். "அப்புறம் சுண்ணாம்பு. ஈரச் சிமெண்டு. செவுத்துல பாசி வழுக்கும், புடிக்க முடியாது. மூக்குல ஏறுனா எரியும், அப்புறம் எரியாது. கண்ணத் தொறந்தா எல்லாம் நீலம், மேல பந்தல் தெரியும், பந்தல்ல காயி தொங்குறது தெரியும், அம்மா சேலை மஞ்சளாத் தெரியும், அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் குலை வெட்டிக்கிட்டு இருப்பாங்க. கூப்பிட வாயத் தொறந்தா செப்புக்காசு ருசி." அக்கா விழுந்த அன்னைக்கு அம்மா என்ன சேலை கட்டியிருந்தாங்கன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. வாய மூடப் பாத்தேன், ரெண்டு வார்த்தை கழிச்சுத்தான் மூடுச்சு. பக்கத்து மேசைப் பொண்ணு நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கிச்சு. பெரைரா சார் மட்டும் நோட்டுல குறிச்சுக்கிட்டே, "பிரமாதம், இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல"ன்னாரு.

வெளிய வந்து, பரீட்சைக்கு முன்ன போனெல்லாம் வாங்கி வச்சிருந்த தட்டுலருந்து என் போன எடுத்தேன். அம்மா நாலு தரம் கூப்பிட்டிருக்காங்க, பதினொண்ணு இருவத்தெட்டுக்கு மொத தரம், பென்சில நான் தொங்க விட்ட அதே நேரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தவிர அம்மா கூப்பிடவே மாட்டாங்க. இன்னைக்கு வியாழன். டெரன்ஸ் பின்னாடியே வந்து, "பவுன், மூக்கு வந்துருச்சா? எங்கிட்டக்கூட சொல்லல நீ"ன்னான். அவன் கையில காபி இருந்துச்சு, அத வாங்கி மோந்து பாத்தேன். காபி வாசம் இல்ல. கப்புக்குள்ள குளுந்த துத்தம். கப்ப அவன்கிட்டயே குடுத்துட்டு அம்மாவுக்குப் போட்டேன். ஒரே ரிங்குல எடுத்தாங்க. "அம்மா, நான்தான், பாஸாயிட்டேன்"னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. சின்னதுன்னு சொல்லும்மா, சின்னது சாப்பிட்டியான்னு கேளும்மான்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். அம்மா, "பவுனு?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, சின்னதுதாம்மான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். "ஆமாம்மா"ன்னு என் வாய் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.